ஏழு நொடிக்கு ஒரு காரணம்

என் பெயரைக் கேட்டதும் இந்தியில் பேச ஆரம்பிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிம்ரன் என்றால் பஞ்சாப்தானா? சுருளிப்பட்டியில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று சிம்ரன் இருக்கிறோம். ஒருத்தி கம்பத்தில் டீச்சர். ஒருத்தி கல்யாணமாகிப் பண்ணைப்புரம் போய்விட்டாள். மூன்றாவது நான். விமானி. ஒன்பது மாதமாக வேலை இல்லாத விமானி.

நான் துணை விமானியாக இருந்த சின்னக் கம்பெனி போன செப்டம்பரில் கடையை இழுத்து மூடியது. அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் நேர்காணலுக்குப் போய் இரண்டும் ஊற்றிக்கொண்டது. இது மூன்றாவது. பெரிய கம்பெனி. முதல் சுற்று வீடியோவில், காலை பதினோரு மணிக்கு. எங்கள் ஊர் இணையத்தை நம்பி உட்கார முடியாது. தேனியில் என் மாமா மகன் பாண்டியராஜன் ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கிறான். இன்வெர்ட்டர் இருக்கிறது, ஒரு தனி அறை தருகிறேன் என்றான். அப்பா அன்றைக்கு வண்டிக்கு லீவு விட்டுவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

அப்பா பெயர் சுருளியாண்டி. விடிந்ததும் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்குள் கொண்டுபோய் விடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். முப்பது வருஷமாக இதே வேலை. இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

உத்தமபாளையம் தாண்டும்போது என் கையைப் பார்த்தார்.

“என்ன ஆத்தா, கையி இப்பிடி நடுங்குது?”

“குளுருதுப்பா.”

“ஆனி மாசக் காத்து அப்பிடித்தான் அடிக்கும்,” என்று தன் பக்கத்துத் தார்ப்பாயை இறக்கிவிட்டார். எனக்குக் குளிரவில்லை என்பது அவருக்குத் தெரியும். “அவுக என்னதான் கேப்பாக?”

“பறக்குறப்ப எதாச்சும் அசம்பாவிதம் நடந்துச்சான்னு கேப்பாக.”

“நடந்துச்சா?”

“ரன்வேல ஒரு நாய் குறுக்க வந்துச்சு.”

“அது சொன்னியே. அதத் தவிர?”

“அதத் தவிர ஒண்ணுமில்ல,” என்றேன். அது பொய்.

விமானி வேலைக்கான நேர்காணலில் இந்தக் கேள்வி வராமல் போகாது. பறக்கும்போது உங்களுக்கு நேர்ந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்பார்கள். சம்பவமே இல்லை என்று சொன்னால் மறைக்கிறாள் என்று நினைப்பார்கள். பெரிதாக ஒன்றைச் சொன்னால் இவளை நம்பி எப்படி விமானத்தைக் கொடுப்பது என்று நினைப்பார்கள். அதனால் வேலை தேடும் விமானிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஏற்பாடு. சம்பவம் சின்னதாக இருக்க வேண்டும், யார் மேலும் தப்பு இருக்கக் கூடாது, கடைசியில் நாம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டிருக்க வேண்டும். நாய் மூன்றுக்கும் பொருந்தியது. கண்ணாடி முன்னால் நின்று நாயைப் பத்து நாள் மனப்பாடம் செய்திருந்தேன்.

உண்மையான சம்பவம் போன ஆகஸ்ட் பதினாலாம் தேதி நடந்தது. மழைச் சாயங்காலம். கேப்டன் குருவிலா ஓட்டிக்கொண்டிருந்தார். மலைக்கு அந்தப் பக்கம், கட்டப்பனைக்காரர். பக்கத்து இருக்கையில் நான். பின்னால் அறுபத்தொரு பேர். தரையிலிருந்து ஐந்நூறு அடிக்குக் கீழே வந்த பிறகு விமானம் அளவுக்கு மீறிய வேகத்தில் கீழே போக ஆரம்பித்தது. அந்த நேரத்தில் ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே வேலைதான். இறங்கும் வேகம் கூடிவிட்டது என்பதற்கு ‘சிங்க் ரேட்’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. அந்த வேகத்தைக் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று நான் பார்த்தேன். அது இருக்கக் கூடாத இடம் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. ஏழு நொடி. பிறகு என் வார்த்தையை விமானத்தின் எச்சரிக்கை மெஷின் கத்தியது. குருவிலா திடுக்கிட்டு விமானத்தை மேலே தூக்கினார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒழுங்காக இறங்கினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் ஒரு குழந்தை மட்டும் வாந்தி எடுத்ததாகச் சொன்னார்கள்.

இறங்கியதும் குருவிலா அறிக்கை எழுதினார். மெஷின் கத்துவதற்கு முன்பே துணை விமானி எச்சரித்தார், உடனே நான் மேலே ஏறினேன் என்று எழுதி என் பக்கம் தள்ளினார். “ஒப்பு போடு மோளே, உனக்கு நல்லது,” என்றார் மகளிடம் பேசுவதுபோல. கையெழுத்துப் போட்டேன். மனுஷர் எனக்காகப் பொய் சொல்கிறாரே என்று அன்றைக்கு அழுகை வந்தது.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டால் அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அது சபையில் சொல்லக்கூடிய காரணம் இல்லை, அதுவும் அப்பா பக்கத்தில் இருக்கும்போது. என் பயம் அது வெளியே வருவது மட்டுமில்லை. வேலை கிடைக்காதோ என்று பயந்தேன் என்பது உண்மை. ஆனால் கிடைத்துவிட்டால், மறுபடி ஒரு சாயங்காலம் அதே மாதிரி முள் இறங்கினால், அப்போதாவது பேசுவேனா? இதற்குப் பதில் தெரியாமல்தான் ஒன்பது மாதமாக முழித்துக்கொண்டு கிடந்தேன்.

பத்து ஐம்பதுக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். பிளைவுட் பலகை வைத்து மறித்த அறை. பலகை கூரையையும் தொடவில்லை, தரையையும் தொடவில்லை. அப்பா மூலையில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துகொண்டார். பதினோரு மணிக்குத் திரையில் மூன்று கட்டங்கள் வந்தன. ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவைச் சேர்ந்த ஒருவர். நடுவில் கேப்டன் தேஷ்பாண்டே என்ற பெண்மணி. மூன்றாவதில் சேஷாத்ரி என்ற வெள்ளைத் தாடிக்காரர், பயிற்சிப் பிரிவின் தலைவராம்.

முதல் ஆள் எதிர்பார்த்தபடியே இந்தியில் வணக்கம் சொன்னார். பிறகு அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். லேப்டாப்பைத் திருப்பினேன். அப்பா எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்றார்கள். “நான் வெளிய நிக்கிறேன் ஆத்தா, நீ பதறாத,” என்று அப்பா பலகைக்கு அந்தப் பக்கம் போனார். வெளியே என்றால் எட்டடி தூரம்கூட இல்லை.

கேள்விகள் ஆங்கிலத்தில் ஓடின. என்ஜின், மழை, எரிபொருள் எல்லாம் வந்தன. தடுமாறாமல் சொன்னேன். இருபதாவது நிமிஷம் அந்தக் கேள்வி வந்தது. நாயை அவிழ்த்துவிட்டேன். எந்தத் திசையிலிருந்து ஓடி வந்தது, நான் எப்படி நிதானமாக இருந்தேன், கட்டுப்பாட்டு அறைக்கு என்ன சொன்னேன் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

தேஷ்பாண்டே பேனாவைக் கீழே வைத்தார். “இந்த வாரம் இது நாலாவது நாய்,” என்றார்.

வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஒவ்வொருத்தனையும் மனசுக்குள் பேர் சொல்லித் திட்டினேன்.

“உங்கள் பழைய கம்பெனியிலிருந்து வந்த கோப்பில் ஆகஸ்ட் பதினாலு என்று ஒரு அறிக்கை இருக்கிறதே,” என்று அவர் ஒரு தாளை எடுத்தார். “நாயைவிட இது நல்ல கதை. கேப்டன் கவனிக்கும் முன்பே நீங்கள் எச்சரித்திருக்கிறீர்கள். பாராட்ட வேண்டியதுதான். எத்தனை அடி உயரத்தில் சொன்னீர்கள்?”

எவ்வளவு சுலபம் பாருங்கள். நான் பொய்கூடச் சொல்ல வேண்டாம், எழுதி வைத்த பொய்க்கு ஒரு எண் சேர்த்தால் போதும். நானூற்றைம்பது என்று வாய் வரை வந்துவிட்டது. அவர் பேனாவை எடுத்து எழுதத் தயாராக இருந்தார். அந்தப் பேனாவைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஆபத்தில் வாய் திறப்பவள் என்று எழுதிக்கொண்டு இவர்கள் என்னை உட்கார வைப்பார்கள். எனக்குப் பின்னால் நூற்றெண்பது பேர் ஏறி உட்காருவார்கள்.

“நான் சொல்லவில்லை,” என்றேன். “மெஷின்தான் சொன்னது. நான் ஏழு நொடி பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.”

மூன்று கட்டத்திலும் அசைவில்லை. இணையம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். தேஷ்பாண்டே கண்ணாடியைக் கழற்றினார். “இதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. தெரியுமா?”

“தெரியும்.”

“கேப்டன் குருவிலா ஜனவரியிலிருந்து எங்களிடம்தான் இருக்கிறார். அது தெரியுமா?”

தெரியாது. வேலையும் போச்சு, ஒரு மனுஷன் பிழைப்பிலும் மண்ணைப் போட்டேன் என்று காதுக்குள் இரைந்தது.

அப்போது சேஷாத்ரி முதல் முறையாக வாயைத் திறந்தார். சுத்தமான தஞ்சாவூர்த் தமிழ். “தமிழ்லயே சொல்லும்மா, பரவாயில்லை. முள்ளைப் பார்த்திருக்கே, தப்புன்னு தெரிஞ்சிருக்கு. ஏன் பேசலை?”

உண்மையான காரணம் நாக்கு நுனியில் இருந்தது. பலகைக்குக் கீழே பார்த்தேன். அப்பாவின் செருப்பு தெரிந்தது. இரண்டு செருப்பும் என் பக்கம் திரும்பி நின்றன. இதுவரை பேசிய இங்கிலீஷில் அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. இனிமேல் பேசுவது ஒவ்வொன்றும் விளங்கும்.

“எங்க அப்பா மலைப்பாதையில ஜீப் ஓட்டுறவர் சார்,” என்று ஆரம்பித்தேன். “வளைவுல வண்டி திரும்பும்போது டிரைவர்கிட்ட யாரும் பேசக் கூடாதுங்கறது எங்க பக்கத்துப் பழக்கம். பதினஞ்சு பொம்பளைங்க இருந்தாலும் வளைவு வந்தா ஜீப்பே கப்சிப்னு ஆயிரும். பேசினா டிரைவர் கவனம் சிதறும்னு சொல்லுவாங்க. நான் அதுல வளந்தவ. ஓட்டுறவர் சிரமப்படும்போது வாய மூடிக்கிறது எனக்குச் சின்னப் பிள்ளைலருந்து வந்த பழக்கம். அதான் சார்.”

வளைவில் பேசக் கூடாது என்ற பழக்கம் உண்மை. மீதியை அந்த நிமிஷத்தில் சேர்த்துக் கட்டினேன். கட்டியது எனக்கே பிரமாதமாக இருந்தது.

சேஷாத்ரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தேஷ்பாண்டேவுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். அவரும் தலையாட்டினார். பயிற்சி வகுப்பில் சொல்ல நல்ல உதாரணம் என்று சேஷாத்ரி எழுதிக்கொண்டார். நேர்மையாக ஒப்புக்கொண்டதைக் கவனத்தில் கொள்வோம், குருவிலாவிடம் விளக்கம் கேட்போம், தகவல் வரும் என்றார்கள். திரை அணைந்தது. பலகைக்குக் கீழே பார்த்தேன். செருப்பு அங்கே இல்லை.

அப்பா கீழே வண்டியில் உட்கார்ந்திருந்தார். நான் ஏறியதும் கிளப்பினார். ஹாரன் அடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்ட் நெரிசலைத் தாண்டினார்.

“நல்லாப் பேசுன ஆத்தா,” என்றார் பிறகு. “இங்கிலீசு எனக்கு வெளங்கல. தமிழ் வெளங்குச்சு.”

“அப்பா, அது வந்து…”

“விடு. வேல கெடச்சாப் போதும்.”

நான் தலையைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்தேன். வயலும் தென்னையும் போய்க்கொண்டிருந்தன. எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

வீரபாண்டி தாண்டியதும் கைபேசி அடித்தது. கேப்டன் குருவிலா. ஜீப் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டி என்ஜினை அணைத்தார்.

“மோளே, சேஷாத்ரி சார் கூப்பிட்டார். நீ எல்லாம் சொல்லிட்டியாமே.”

“ஆமா கேப்டன். நீங்க அங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டியா?” அவரே தொடர்ந்தார். “சாயங்காலத்துக்குள்ள நான் எழுதிக் கொடுக்கணும், பொய் அறிக்கை எதுக்கு எழுதினேன்னு. இந்த ஜீப்புக் கதை இருக்கே, அது எனக்கு ரொம்ப நல்லதாணு. பாவம், மலையோரத்துப் பொண்ணு, ஊர்ப் பழக்கம், பேசத் தெரியல, அதனால காப்பாத்தினேன்னு எழுதலாம். என் மேல ஒண்ணும் வராது. அதான் கேக்கறேன். நெஜமாவே அதுதானா காரணம்?”

மறுபடியும் அதே மனுஷர், அதே நான், அதே மூடிய வாய்.

அப்பா கைபேசியின் பக்கம் குனிந்தார். “சார், வணக்கம். நான் இவ அப்பா பேசுறேன். அது நெசந்தான் சார். எங்க வண்டியில வளைவுல யாரையும் வாய் தொறக்க விடமாட்டேன். புள்ளையும் சின்னதுலருந்து அப்பிடியே பழகிருச்சு. எல்லாம் என் தப்புதான் சார். அவள ஒண்ணும் சொல்லிறாதீக.”

முழுப் பொய். பள்ளிக்கூட லீவு நாட்களில் அந்த ஜீப்பில் நான் வாயை மூடியதே கிடையாது. முதல் வளைவில் லாரி வருதுப்பா என்பேன். அடுத்த வளைவில் குரங்குப்பா என்பேன். அவர் வண்டியை நிறுத்தி நிறுத்தி என்னை வைவார். பின்னால் இருக்கும் அக்கம்மாள் பெரியம்மா, “சுருளி, ஒம் மகளுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடுப்பா,” என்று சிரிக்கும். பலகைக்கு அந்தப் பக்கம் நின்று நான் கட்டிய கதையைக் கேட்டபோதே அப்பாவுக்கு அது பொய் என்று தெரிந்திருக்கும். வேலை கிடைக்கும் என்றால் பழி தன் மேல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பேசாமல் கீழே இறங்கிப் போயிருக்கிறார். இப்போது அந்தப் பொய்யைத் தானே எடுத்துச் சொல்லி இன்னொருத்தரிடம் மன்னிப்பும் கேட்கிறார். எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

“அது இல்ல கேப்டன்,” என்றேன். “அதுக்கு முந்தின நாள். பதிமூணாந்தேதி. எறங்கும்போது நான் ‘ஸ்பீட்’னு சொன்னேன். எறங்கின பெறகு, ஏணிக்குக் கீழ, கேபின் க்ரூ, சாமான் ஏத்துறவங்க எல்லாரும் நிக்கும்போது நீங்க ஒண்ணு சொன்னீங்க.”

“சொல்லு.”

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மாதமாக அவர் காதில் விழக் கூடாது என்று நான் பொத்தி வைத்திருந்தது அது.

“‘ஜீப் டிரைவர் மகள்லாம் எனக்கு ஸ்பீடு சொல்ற காலமாச்சா, வாய மூடிட்டு உக்காரு’ன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள் நான் வாய மூடிட்டு உக்காந்தேன். அதான் காரணம். வேற எந்தப் பழக்கமும் இல்ல.”

ஒரு வாழைத்தார் லாரி எங்களைத் தாண்டிப் போனது. ஜீப் லேசாக ஆடியது.

“ஓர்மை இருக்கு, மறக்கல,” என்றார் குருவிலா. குரல் அடங்கியிருந்தது. “நீ பேசலன்னு எழுதினா, ஏன் பேசலன்னு உன்னைக் கேப்பாங்க. கேட்டா இது வெளிய வரும். அதனாலதான் நீ பேசினதா எழுதினேன். உனக்காக எழுதல மோளே.” அடுத்து ஒரே மூச்சில் சொன்னார். “நீ எழுதி அனுப்பு. நானும் இதையே எழுதறேன்.” பிறகு அப்பாவிடம் பேச நினைத்தார் போல. “சேட்டா,” என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். அதோடு இணைப்பைத் துண்டித்தார்.

நான் மின்னஞ்சலைத் திறந்தேன். தேஷ்பாண்டே, சேஷாத்ரி இருவருக்கும். வேலைக்கு ஏன் பொருத்தமானவள் என்று சொல்ல வேண்டியவள், காலையில் நான் சொன்ன காரணமும் பொய் என்று எழுதப் போகிறேன். முதலில் நாய், பிறகு ஜீப், இப்போது இது. ஒரே நாளில் மூன்று கதை சொன்னவளை எந்தக் கம்பெனி எடுக்கும்? அப்பா இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, முன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் நரம்பு புடைத்திருந்தது.

“அப்பா, இத எழுதினா வேல போனாலும் போயிரும். எழுதட்டுமா?”

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“அந்தப் பதிமூணாந்தேதி,” என்றார், “அவரு ஸ்பீடு கூடத்தான் போனாரா?”

“ஆமாப்பா. பன்னெண்டு நாட், நம்ம கணக்குல இருபத்திரெண்டு கிலோமீட்டர் கூட.”

“அப்ப நீ சொன்னது சரிதான?”

“சரிதான்.”

“அதையும் சேத்து எழுது,” என்றார் அப்பா.